“அப்பாவுக்கு மார்ஃபின் கொடுக்கவே பயமாக இருக்கிறது”

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. நுரையீரல் புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இரண்டு விதமான கீமோ கொடுத்துப் பார்த்துவிட்டு, “இனிமேல் கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது. வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதுகிலும் இடுப்பிலும் கடுமையான வலி. மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது கடைசியில் கொடுக்கிற மருந்து, பழகினால் விடாது, உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்று சித்தப்பா சொன்னதிலிருந்து, அப்பா வலி தாங்காமல் கத்தும்போது மட்டும்தான் கொடுக்கிறோம். சாப்பாடும் இறங்குவதில்லை. அம்மா கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுகிறார், அப்பா துப்பிவிடுகிறார், அம்மா அழுகிறார். வெளியூரில் இருக்கும் அண்ணன் தினமும் போன் செய்து, “இப்படியே விட்டுவிடப் போகிறீர்களா? வேறு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம்” என்கிறார். நோய் இந்த அளவுக்குப் போய்விட்டது என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. போன வாரம் பேங்க் பாஸ்புக்கை எடுத்து வரச் சொன்னார். “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்ப்பா” என்று பேச்சை மாற்றிவிட்டேன். கடைசியில் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. அண்ணனை எப்போது வரச் சொல்வது என்றும் தெரியவில்லை. நாங்கள் செய்வது சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள், மீதியை நாளைக்குப் படித்தாலும் பரவாயில்லை. மார்ஃபினை டாக்டர் எழுதிக் கொடுத்தபடி, நேரம் தவறாமல் கொடுக்க ஆரம்பியுங்கள். அப்பா கத்தும்வரை காத்திருக்காதீர்கள்.

பரவிய புற்றுநோயின் கடைசி மாதங்களில் நோயாளியின் வலியையும் அவதியையும் குறைப்பதையே வேலையாகக் கொண்ட, எங்களைப் போன்ற தணிப்புச் சிகிச்சை மருத்துவர்கள் எதையும் வலியிலிருந்துதான் தொடங்குகிறோம். வலியில் இருப்பவரால் சாப்பிட முடியாது, தூங்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளிடம் நாலு வார்த்தை பேச முடியாது. நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கும் பல விஷயங்கள் அந்த வலியோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. வலி அடங்கினால் சில முடிச்சுகள் தானாகவே தளரும்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை விழுங்கி அரை மணி நேரம் போல ஆனபின் வேலை செய்யத் தொடங்கும். ஏறக்குறைய நாலு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு இரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். நாலு மணிக்கு ஒரு முறை என்று சீட்டில் எழுதியிருப்பது அதனால்தான். வலி உச்சத்துக்குப் போனபின் கொடுத்தால் அதை இறக்க மருந்தும் அதிகம் வேண்டும், அது வேலை செய்யும்வரை அவர் துடிக்கவும் வேண்டும். அதோடு, வலியை எதிர்பார்த்துக்கொண்டே கிடப்பது வலியைவிடப் பெரிய தண்டனை. அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் உடம்பு முழுக்க இறுகிப்போய்க் கிடப்பார். நேரத்துக்கு மருந்து போனால் ஓரிரு நாளில் அந்த இறுக்கம் தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதலில் நர்ஸாகவும் பிறகு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். சாகக் கிடப்பவர்களின் வலியைப் பார்த்துப் பார்த்து, அதற்காகவே டாக்டருக்குப் படித்தார். 1967-ல் லண்டனில், சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்தபின் ஊசி போடுவது என்றிருந்த வழக்கத்துக்கு மாறாக, வலி வருவதற்கு முன்பே வாய்வழியாக, நேரத்துக்கு நேரம் மார்ஃபின் கொடுக்கும் முறையை அவர் ஊன்றிச் சொன்னார். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொன்னது: முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரத்தைப் பார்த்து. வெள்ளம் வருமுன் அணை போடுவது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கணக்குதான்.

சித்தப்பா சொன்னதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அவர் அண்ணன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். அவர் பார்த்த சாவுகளில் மார்ஃபின் கடைசி வாரத்தில்தான் வந்திருக்கும். வந்து நாலு நாளில் உயிர் போயிருக்கும். பார்த்தவர்களுக்கு மருந்துதான் கொன்றது என்று தோன்றாமல் என்ன செய்யும்? உண்மையில் தாமதமாகத் தொடங்கியதுதான் அங்கே நடந்த தவறு. குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றினால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மாதக்கணக்கில் இதை எடுத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்துக்கும் பதில் உண்டு. நீண்ட நாள் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகும், திடீரென்று நிறுத்தினால் வியர்வையும் படபடப்பும் வரும். அதனால்தான் நிறுத்துவதாக இருந்தால் மெதுவாகக் குறைப்போம். போதைக்காக ஏங்கி மருந்தைத் தேடி அலைவது வேறு விஷயம். புற்றுநோய் வலிக்காக மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பவர்களிடம் அது அரிது. அப்பா மாத்திரை கேட்டால் வலிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பக்கத்தை நாலு பத்தியாகக் கோடு போடுங்கள்: நேரம், என்ன மருந்து, எவ்வளவு, வலி பத்துக்கு எத்தனை. வலியின் எண்ணை அப்பாவே சொல்லட்டும். நீங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். இரண்டு வேளைக்கு நடுவில் வலி கிளம்பினால் கொடுப்பதற்கென்று கூடுதல் டோஸ் ஒன்றை டாக்டர் எழுதியிருப்பார். எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அந்தக் கூடுதல் டோஸைக் கொடுக்கும்போதெல்லாம் தனியாக வட்டம் போட்டுக் குறித்துவையுங்கள். ஒரு நாளில் நாலு வட்டம் விழுந்தால் வழக்கமான அளவு போதவில்லை என்று பொருள். டாக்டருக்குப் போனில் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாலே போதும், அளவை ஏற்றிச் சொல்லிவிடுவார். நீங்களாக ஏற்றவோ குறைக்கவோ வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கொடுக்காமல் இருக்க, படுக்கும்போது சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். பலருக்கு அப்படி எழுதுவதுண்டு. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மாத்திரையாக இருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும், அது ஆபத்து.

தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாகவே இருப்பார். குமட்டலும் வரலாம், அதற்கு மாத்திரை உண்டு. அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. வலியால் எத்தனை ராத்திரி கண் மூடாமல் கிடந்தாரோ, அந்தத் தூக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த நாட்கள் போனதும் தெளிவார். ஆனால் உலுக்கினாலும் எழுந்திருக்காத அளவு மயக்கம், மூச்சு மிக மெதுவாவது, கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது, இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வது போன்றவை தெரிந்தால் அடுத்த டோஸுக்கு முன்பு டாக்டரிடம் பேசுங்கள். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மார்ஃபின் உடம்பில் தங்கும். அளவை மாற்றினாலோ வேறு மருந்துக்கு மாறினாலோ சரியாகிவிடும்.

மலச்சிக்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மற்ற பக்க விளைவுகள் போய்விடும், இது போகாது. மார்ஃபின் தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், தினமும் கொடுக்க வேண்டும். நார்ச்சத்துப் பொடி இதற்கு உதவாது. தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது குடலில் அடைத்துக்கொள்ளும். குடலைத் தூண்டி இயக்கும் வகை மருந்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாடு இறங்காததற்கும், குமட்டலுக்கும், எரிச்சலோடு பேசுவதற்கும் வயிறு அடைத்துக் கிடப்பதே காரணமாக இருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எலும்புக்குப் பரவியிருப்பதால் ரேடியேஷனைப் பற்றியும் கேளுங்கள். நோயைக் குணமாக்க அல்ல, வலியைக் குறைக்க. வலிக்கும் இடத்துக்கு ஒரே ஒரு முறை கொடுத்தாலே பலருக்கு நல்ல பலன் கிடைக்கும். அதற்குச் சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும் என்பதால் இப்போதே கேட்பது நல்லது. கீமோ நிறுத்தியாகிவிட்டது என்பதற்காக இந்தக் கதவும் அடைபட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

முதுகு வலி என்று எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. கால்கள் திடீரென்று பலமிழந்து துவள்வது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது — இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்பதற்கான அடையாளம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்தும் ரேடியேஷனும் கொடுத்து நடையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஒரு நாள் தள்ளினால் அந்த வாய்ப்புக் குறைந்துவிடும். மீதி இருக்கும் நாட்களில் அவர் தானே எழுந்து கழிவறைக்குப் போக முடியுமா முடியாதா என்பது பெரிய விஷயம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இதை அம்மாவிடம் நீங்களே வாசித்துக் காட்டினால் நல்லது. அப்பா சாப்பிடாததால் நோய் முற்றவில்லை. நோய் முற்றியதால்தான் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. இந்தக் கட்டத்தில் புற்றுநோய் உடம்பு உணவை எடுத்துக்கொள்ளும் விதத்தையே மாற்றிவிடுகிறது. உள்ளே திணித்தாலும் அது சதையாகப் பிடிப்பதில்லை. வற்புறுத்தினால் வாந்தி வரும், புரையேறும். எல்லாவற்றையும்விட, கரண்டியோடு அம்மா வருவதைப் பார்த்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்குவார். இத்தனை வருட தாம்பத்தியத்தின் கடைசி மாதங்கள் அப்படிப் போக வேண்டாம். அவருக்குப் பிடித்தது, அவர் கேட்கும் நேரத்தில், இரண்டு வாய் போதும். வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்காரட்டும். பசியைக் கொஞ்ச நாளைக்குத் தூண்ட ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்கு உதவும், டாக்டரிடம் கேட்கலாம். வாயில் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், எளிதில் குணமாகும், குணமானால் சாப்பாடும் கொஞ்சம் இறங்கும்.

அம்மாவுக்கு ஊட்டத் தெரியும், அதனால் ஊட்டுகிறார். அந்தக் கைகளுக்கு வேறு வேலை கொடுங்கள். காலுக்கு எண்ணெய் தடவலாம். உதடு காய்ந்தால் ஈரப்படுத்தலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்து இடுப்பு, குதிகால், பின்புறத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கலாம். படுக்கைப் புண் வராமல் காப்பது எந்த மாத்திரைக்கும் குறையாத வைத்தியம்.

இனி பாஸ்புக். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்கவைத்த வரி அதுதான். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். தன் உடம்பு இளைப்பதை அவர் தினமும் பார்க்கிறார். கீமோவுக்குப் போவது நின்றுவிட்டதை அறிவார். வீட்டில் எல்லாரும் சமையலறையில் குரல் தாழ்த்திப் பேசுவதையும், தான் வந்தால் பேச்சு நிற்பதையும் கவனிக்கிறார். பாஸ்புக் கேட்டது கணக்குப் பார்க்க மட்டும் அல்ல என்றே நான் நினைக்கிறேன். “எனக்குத் தெரியும், உன்னோடு இதைப் பேசலாமா?” என்று அவர் கேட்கிறார். நீங்கள் பேச்சை மாற்றியதும், மகள் இதைத் தாங்கமாட்டாள் என்று முடிவு செய்து அவரும் வாயை மூடிக்கொண்டிருப்பார். நீங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள், அவர் உங்களைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார். ஒரே அறையில் இருவரும் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

போய் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. “உங்களுக்கு இனி மருந்தில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்வது கொடுமை. கேட்பதிலிருந்து தொடங்குங்கள். வலி குறைவாக இருக்கும் ஒரு நேரத்தில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் அருகில் உட்காருங்கள். “அன்னிக்குக் கேட்டீங்களேப்பா, கொண்டு வந்திருக்கேன்” என்று கையில் கொடுங்கள். அவர் பேசட்டும். கணக்கு வழக்கு மட்டும் பேசினால் அதோடு விடுங்கள். “எனக்கு என்னம்மா ஆகுது?” என்று கேட்டால், “நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். அப்போது மறுக்காதீர்கள். “ஆமாப்பா, நோய் பரவியிருக்குன்னு டாக்டர் சொன்னார். வலி இல்லாம பார்த்துக்க முடியும்னும் சொன்னார். நாங்க எல்லாரும் கூடவே இருப்போம்” — இவ்வளவு போதும். அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. அவர் கேட்கவே இல்லை, தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றால் அதையும் மதியுங்கள். அது அவர் உரிமை. கேட்கிறவரிடம் பொய் சொல்வதுதான் கூடாது. “சரியாயிடும்ப்பா” என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் உடம்பு இன்னும் மோசமானால், நீங்கள் சொல்லும் மற்ற வார்த்தைகளையும் அவர் நம்பமாட்டார்.

இந்தப் பேச்சு நடந்தால் அவர் எதற்கு ஆசைப்படுகிறார் என்பதும் தெரியவரும். யாரைப் பார்க்க வேண்டும், எதை முடித்துவைக்க வேண்டும், கடைசி நாட்கள் வீட்டிலா ஆஸ்பத்திரியிலா. அவரே சொல்லிவிட்டால் பிறகு உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் சண்டைக்கு இடமில்லை. மூச்சோ இதயமோ நிற்கும்போது மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டுமா, வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையும் அவருடைய விருப்பத்தை வைத்து டாக்டரோடு இப்போதே பேசி, கேஸ் பேப்பரில் எழுதிவையுங்கள். உடம்பு முழுவதும் பரவிய புற்றுநோயின் முடிவில் இதயம் நிற்பது தனி விபத்து அல்ல, நோயின் கடைசிப் படி. அழுத்தினால் விலா எலும்பு உடையலாம், நோய் பின்வாங்காது. ஐ.சி.யூ.வில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நீங்களுமாக அந்த மணி நேரங்கள் போய்விடும். அதுதான் வேண்டும் என்று அப்பா சொன்னால் சரி. யாரும் கேட்காததால் அப்படி நடக்கக் கூடாது.

அண்ணன் சொல்வதையும் பார்ப்போம். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அதற்கு அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. ஸ்கேன், பயாப்ஸி, மரபணுப் பரிசோதனை இருந்தால் அதுவும், டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அண்ணனே போய் இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் காட்டட்டும். “இந்தச் சிகிச்சை கொடுத்தால் எங்கள் அப்பா இன்னும் எவ்வளவு காலம், எந்த நிலையில் இருப்பார்?” என்று அவர் நேராகக் கேட்கட்டும். எதாவது கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டால் எப்போதும் முடியும் என்ற பதில்தான் வரும்.

இப்படியே விட்டுவிடப் போகிறீர்களா என்று அவர் கேட்பதற்கு 2010-ல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு தணிப்புச் சிகிச்சையும் தொடக்கத்திலிருந்தே. இரண்டாம் பிரிவினருக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவாகவே எடுத்தார்கள். அப்படியிருந்தும் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். இடைநிலைக் கணக்கில், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் கணக்கில், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். அப்பாவுக்கு அந்தத் தொடக்கக் கட்டம் தாண்டிவிட்டது, அதனால் அந்தக் கூடுதல் மாதங்களை நான் வாக்குறுதியாகச் சொல்லவில்லை. தணிப்புச் சிகிச்சை என்றால் கையை விரிப்பது என்ற எண்ணம் தவறு என்பதற்காகச் சொல்கிறேன். நேரத்துக்கு மருந்து, வலிக்கு ரேடியேஷன், தோல் பராமரிப்பு, குமட்டலுக்கும் மூச்சிரைப்புக்கும் தூக்கத்துக்கும் தனித்தனி வைத்தியம் — இதை முறையாகச் செய்ய நாள் முழுக்க ஒரு ஆள் வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகம் முழுவதும் தணிப்புச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் இது கிடைக்கிறது. உங்கள் டாக்டரிடம் தணிப்புச் சிகிச்சைக் குழுவுக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு நர்ஸ் வருவார்களா, ராத்திரி போன் எடுப்பார்களா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். தெரியாததால் வரும் பயம் பெரியது, அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது மெதுவாக, தூக்கத்தில் போவது போலத்தான் நடக்கிறது. விழித்திருக்கும் நேரம் குறையும். விழுங்குவது நின்றுபோகும். அப்போதும் வலி மருந்தை நிறுத்தக் கூடாது. தோலுக்கு அடியில் சிறிய ஊசி வழியாகவோ ஒட்டும் பட்டையாகவோ கொடுக்கலாம். அதற்கான ஏற்பாட்டை விழுங்க முடிகிறபோதே பேசி வைத்துவிடுங்கள். சிறுநீர் குறைந்து அடர் நிறமாகும். கை கால் குளிர்ந்து, தோலில் திட்டுத் திட்டாக நீலம் பாரிக்கும். மூச்சு வேகமாக ஓடி, பிறகு நின்று, சில நொடி கழித்து மீண்டும் வரும். அந்த இடைவெளியில் உங்களுக்கு உயிர் போய்விடும் போலிருக்கும், அவருக்கு அதில் அவதி இல்லை.

தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரலாம். கேட்பவர்களைத்தான் அது அதிகம் வாட்டும். இரும முடியாமல் தங்கும் உமிழ்நீரின் சத்தம் அது, மூச்சுத் திணறல் அல்ல. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்தினால் குறையும், மருந்தும் உண்டு. குழாய் விட்டு உறிஞ்சுவது பெரும்பாலும் தொந்தரவுதான். உண்மையிலேயே மூச்சிரைத்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தின் மேல் காற்றுப் படும்படி ஒரு சிறிய மின்விசிறி வையுங்கள். மார்ஃபினே குறைந்த அளவில் மூச்சிரைப்பையும் தணிக்கும். துணியைப் பிடித்து இழுப்பது, எழுந்து போக முயல்வது, பிதற்றுவது என்று சிலருக்குக் கடைசி நாட்களில் ஒரு தவிப்பு வரும். முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் அடைத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கும். இல்லையென்றால் அமைதிப்படுத்தும் மருந்து இருக்கிறது, நர்ஸைக் கூப்பிடுங்கள். கட்டிப்போடாதீர்கள்.

நுரையீரல் புற்றுநோயில் இருமலில் இரத்தம் வருவதுண்டு. அதிகமாக வருவது அரிது. ஆனாலும் அடர் நிறத் துண்டுகள் இரண்டைக் கட்டிலுக்கு அருகே வையுங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் இரத்தமும் கண்ணுக்கு மிரட்டலாகத் தெரியும்.

அந்தக் கட்டத்தில் ட்ரிப் ஏற்றலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். உடம்பு மூடிக்கொண்டு வரும்போது ஏற்றும் தண்ணீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் தங்கும். அப்போது அவருக்குப் பசி இருக்காது. தாகமாகத் தெரிவது பெரும்பாலும் வாய் உலர்வுதான். நனைத்த பஞ்சால் அடிக்கடி வாயைத் துடைத்துவிட்டால் அந்தக் குறை தீரும். கண் திறக்காவிட்டாலும் பேசுங்கள். பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்களில் சிலரின் மூளை, கடைசி மணி நேரங்களிலும் சத்தத்துக்கு அசைந்து கொடுத்ததைக் கனடாவில் 2020-ல் வெளியான ஒரு ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அதனால் கட்டில் அருகே நின்று சொத்தையும் ஆஸ்பத்திரிச் செலவையும் பேச வேண்டாம்.

கடைசியாக, அண்ணன் எப்போது வர வேண்டும் என்ற கேள்வி. எங்களிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. மாதத்துக்கு மாதம் மாற்றம் தெரிந்தால் காலம் மாதக் கணக்கில் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரக் கணக்கு. நாளுக்கு நாள் தெரிந்தால் நாள் கணக்கு. துல்லியமான அளவுகோல் அல்ல, ஆனால் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. போன மாதத்து அப்பாவையும் போன வாரத்து அப்பாவையும் நினைவுபடுத்திப் பாருங்கள். எதுவானாலும் நான் சொல்வது ஒன்றுதான்: இப்போதே வரச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் சொல்லி அனுப்பலாம் என்று காத்திருந்தால் வந்து சேர்பவர் பார்ப்பது தூங்கிக்கொண்டிருக்கும் அப்பாவை. இன்றைக்கு வந்தால் பேசும் அப்பாவைப் பார்ப்பார். தூரத்தில் இருப்பவருக்குப் போனில் கேட்கும் குரல் மட்டும்தான் தெரியும், அதனால்தான் அவர் இன்னொரு ஆஸ்பத்திரியைத் தேடுகிறார். வந்ததும் நோட்டை அவர் கையில் கொடுத்து, இரண்டு ராத்திரி மருந்துப் பொறுப்பை அவரிடம் விடுங்கள். அந்த இரண்டு ராத்திரியும் நீங்களும் அம்மாவும் வேறு அறையில் படுத்துத் தூங்குங்கள். இதில் குற்ற உணர்ச்சிக்கு எதுவும் இல்லை. இன்னும் எத்தனை வாரம் என்று தெரியாத வேலை இது, நீங்கள் விழுந்துவிட்டால் அப்பாவைப் பார்க்க ஆளில்லை.